தில்லியில் பர்மிய மாணவர் இயக்கம்

1988 ஆகஸ்ட் 8 எழுச்சியைப் பர்மிய ராணுவம் நசுக்கியபின் இந்தியாவுக்குத் தப்பிவந்த மாணவர்கள், தில்லியை மையமாகக் கொண்டு நடத்திய மக்களாட்சி இயக்கம். அரசியல் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், கிருஷ்ண மேனன் சாலையிலிருந்த தம் அரசு வீட்டிலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்கினார். தொண்ணூறுகளின் நடுவில் இந்திய அரசு ராணுவ ஆட்சியுடன் நெருங்கத் தொடங்கியும் அந்த இடம் பறிபோகவில்லை.

1990 நவம்பர் 10 அன்று இரு மாணவர்கள் ரங்கூன் சென்ற தாய் ஏர்வேஸ் விமானத்தைப் போலிக் குண்டைக் காட்டிக் கல்கத்தாவுக்குத் திருப்பினர். உலகின் பார்வையைத் தம் நாட்டின் மீது திருப்புவதே நோக்கம். துணிச்சலானாலும் நியாயப்படுத்த முடியாத வழி. அவர்களுள் ஒருவரான சோ மின்ட் 2003இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். கடத்தலைவிட நீடித்த பலன் தந்தது, 1998இல் தோழர்களுடன் அவர் தில்லியில் தொடங்கிய ‘மிஸ்ஸிமா’ செய்தி நிறுவனம்தான். தணிக்கைக்குத் தப்பிய உள்நாட்டுச் செய்திகள் அதன் வழியே வெளியுலகை எட்டின.

2011இல் பெயரளவிலான குடிமை அரசு அமைந்தது. மறு ஆண்டே மிஸ்ஸிமா தாயகம் திரும்பியது. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்கு அடுத்த மாதம் அதன் உரிமம் ரத்தானது. செய்தியாளர்கள் மீண்டும் தலைமறைவாயினர்.