ட்ரவெரின் பள்ளத்தாக்கு – 3: லிவர்பூலுக்குப் புறப்பட்ட ஊர்

1955 டிசம்பர். ட்ரவெரின் பள்ளத்தாக்கிலிருந்த காப்பெல் கெலின் ஊர் மக்கள் தங்கள் ஊர் நீரில் மூழ்கப்போகிறது என்ற சேதியை நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். எழுபது பேர்கூட இல்லாத அந்த ஊரின் மேல், தண்ணீர் தேடிய லிவர்பூல் மாநகராட்சியின் கண் ஏன் விழுந்தது?

எல்லாம் ஆறு போகும் வழியால் வந்தது. வடக்கு வேல்சின் அரெனிக் மலையில் பெய்யும் மழை ட்ரவெரின் ஆற்றில் இறங்குகிறது. அந்த ஆறு பாலா ஊருக்குப் பக்கத்தில் டீ நதியில் கலக்கிறது. டீயோ இங்கிலாந்தின் செஸ்டர் நகரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. பள்ளத்தாக்கை மறித்து அணை கட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி, வறண்ட மாதங்களில் திறந்துவிட்டால் போதும்; ஆறே அதைச் சுமந்து வந்துவிடும். செஸ்டர் அருகே எடுத்துக்கொள்ளலாம். மலைகளைத் தாண்டிக் குழாய் பதிக்கும் செலவு மிச்சம்.

லிவர்பூலுக்கு இது முதல் முறையும் அல்ல. வெர்னுவி ஏரிக்காக 1880-களிலேயே லான்வுதின் என்ற வேல்ஸ் கிராமத்தை மூழ்கடித்த மாநகராட்சி அது.

மூழ்கப்போகும் இடத்தில் என்னென்ன இருந்தன? தேவாலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம், இடுகாடு, ஆட்டுப் பண்ணைகள். எல்லா வீட்டிலும் வேல்ஷ் மொழிதான். ஹாவோட் வாடோக் என்ற பண்ணைக்கு மேலே, சரிவில், தாழ்வான கல்சுவர் வளைத்த ஒரு திடல். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் அங்கே கூடி வழிபட்டார்கள். வழிபாட்டுக்காகத் துன்புறுத்தப்பட்டு, இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியவர்கள் பலர். போகாமல் இங்கேயே இறந்த குவேக்கர்களின் கல்லறைகளும் பண்ணையை ஒட்டியே இருந்தன.

அணை கட்டும் அனுமதிக்காக மாநகராட்சி நேரே லண்டன் நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவரத் தீர்மானித்தது. அது நிறைவேறிவிட்டால் வேல்சின் எந்த உள்ளாட்சி மன்றத்திடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தக் கதையில் எனக்கு அணையைவிடக் கொடுமையாகத் தெரிவது இதுதான்.

1956 நவம்பர் 7 அன்று, வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் லிவர்பூல் மாநகராட்சிக் கூட்டத்துக்குள் போய் ஊருக்காகப் பேச முயன்றார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். போலீசார் அவரை வெளியேற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 21. இம்முறை ஊரே புறப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை, எங்கள் வீடுகளை மூழ்கடிக்காதீர்கள் என்ற பதாகைகளோடு லிவர்பூல் தெருக்களில் நடந்தார்கள். உள்ளே மன்றம் கூடியிருந்தது. அன்று விரட்டப்பட்ட எவன்சுக்கு இன்று பேச அனுமதி கிடைத்தது. அவர் எழுந்தார்...

(தொடரும்)