பூட்டுக்கு வாய் முளைத்த கதை

1

போன வருஷம் ஆடி மாதம், இரவு இரண்டரை மணி இருக்கும். எங்கள் வேளச்சேரி அபார்ட்மெண்டின் பார்க்கிங்கில் ஒரு பைக் அலாரம் அலறியது. முதலில் ஆம்புலன்ஸ் மாதிரி, அப்புறம் போலீஸ் வண்டி மாதிரி, அப்புறம் பெயர் தெரியாத ஏதோ பறவை மாதிரி. இந்த சைரன்களுக்கு ஆறு குரல் உண்டு. ஒன்று முடிந்தால் அடுத்தது. எனக்கு விழிப்பு வந்தது. பூனை ஏறியிருக்கும் என்று நினைத்துத் தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பிப் படுத்தேன். மூன்றாவது குரலிலேயே சத்தம் நின்றுவிட்டது. நல்லதாப் போச்சு என்று தூங்கிவிட்டேன்.

காலையில் தரைத்தளத்தில் குடியிருக்கும் தம்பியின் வண்டியைக் காணோம். அவன் உணவு டெலிவரி செய்கிறவன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 125 சி.சி. வண்டி, இன்னும் பதினோரு டியூ பாக்கி. இன்சூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டி. அதில் வண்டி திருடு போனால் ஒரு பைசா வராது. வண்டி நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்த் திட்டு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் என்னிடம் கேட்டான். "அண்ணா, நைட்டு சவுண்ட் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லப்பா, அசந்து தூங்கிட்டேன்" என்றேன்.

அந்த அலாரத்தை அவனைப் போடச் சொன்னதே நான்தான். எங்கள் கட்டடத்தில் முதன்முதலில் பைக்குக்கு அலாரம் போட்டதும் நான்தான்.

2

அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் எனக்கு அலாரம் மாட்டினார்கள். பெட்டிக்குள் இருந்தது இவ்வளவுதான்: உள்ளங்கை அகல கண்ட்ரோல் யூனிட், ஒரு சைரன், இரண்டு ரிமோட், ஒரு கொத்து ஒயர். ஒயரிங் செய்த அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். சைடு கவரைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். சிவப்பு நேராக பேட்டரிக்கு. கறுப்பு பாடி எர்த்துக்கு. இரண்டு ஒயர் இண்டிகேட்டருக்கு, அலாரம் அடிக்கும்போது விளக்கும் மின்ன வேண்டுமே. ஒன்று சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயருக்கு. கடைசி ஒன்று இக்னிஷனைத் தடுக்கிறது.

கடைசி ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். "தம்பி, இதைக் குடுக்கவா, வேணாமா? நெறைய பேர் வேணாம்பாங்க. யூனிட் ஃபால்ட் ஆச்சுன்னா வண்டி நடுரோட்ல நின்னுடும்."

"சத்தம் வருமில்லண்ணே, அது போதும்" என்றேன். அந்த ஒயரை மடித்து டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார். ஆறு மாதம் கழித்துத் தம்பியை அதே கடைக்குத்தான் கூட்டிப்போனேன். அதே கிட், அதே சைரன், அதே பதில்.

கொஞ்சம் கணக்கு தெரிந்தவன் என்பதால் ஒன்று மட்டும் பார்த்தேன். இந்த யூனிட் சும்மா இருக்கும்போதும் 5 மில்லி ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர் மணி. 2.5 ஆம்பியர் மணி பேட்டரி என்றால், வண்டியை எடுக்காமல் விட்டால் மூன்று வாரத்தில் காலி. காவலுக்குச் சம்பளம் உண்டு என்று சிரித்துக்கொண்டேன். பார்க்க வேண்டிய கணக்கு அது இல்லை என்பது அப்போது தெரியவில்லை.

திருட்டுக்குப் பிறகுதான், பூட்டுக்கு எப்போது வாய் முளைத்தது என்று தேட ஆரம்பித்தேன்.

3

பூட்டு ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஊமை. திறக்கும், அல்லது திறக்காது. யாராவது முயன்று பார்த்தார்களா என்று சொல்லாது.

1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் கள்ளச்சாவி போட்டு ஒரு திருட்டு நடந்தது. சொந்தச் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று அரசு போட்டி வைத்தது. ஜெரமையா சப் என்பவர் 1818இல் அதற்கு ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் 'டிடெக்டர்'. அதன் உள்ளே உள்ள நெம்புகோல்களில் ஒன்றை யாராவது தேவைக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும். அப்புறம் சரியான சாவிக்கும் திறக்காது. அதிலிருந்தே உரிமையாளருக்குத் தெரிந்துவிடும், எவனோ கை வைத்திருக்கிறான் என்று. அதன்பிறகு பூட்டை விடுவிக்க வேண்டும்.

நான் பார்த்தவரை, தன்மேல் கை வைத்ததைப் புகார் சொன்ன பழைய பூட்டு இதுதான். சத்தம் போடாத அலாரம். கைதிக் கப்பலில் இருந்த, பூட்டுத் தொழில் தெரிந்த ஒருவனிடம் இதைக் கொடுத்து, திறந்தால் விடுதலையும் 100 பவுண்டும் என்றார்களாம். மாதக்கணக்கில் முட்டிப்பார்த்து அவன் கையை விரித்துவிட்டான் என்று சொல்வார்கள்.

1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்தார். சாட்சிகளை வைத்துக்கொண்டு டிடெக்டர் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்துகாட்டினார். அதே ஊரில் பிராமா கம்பெனி ஜன்னலில் பல பத்தாண்டுகளாகத் தொங்கிய சவால் பூட்டையும் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேர உழைப்பில் திறந்து 200 கினி பரிசு வாங்கினார். முதல் பூட்டை அவர் திறந்த விதம்தான் என்னை உட்காரவைத்தது. பூட்டு புகார் சொல்லும் அந்த அமைப்பையே அவர் பயன்படுத்திக்கொண்டார். பூட்டு இறுகினால், 'இந்த நெம்புகோலை அதிகம் தூக்கிவிட்டாய்' என்று அர்த்தம். விடுவித்துவிட்டுக் கொஞ்சம் குறைத்துத் தூக்கினால் ஆயிற்று.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய கதை. 'பாஸ்வேர்ட் தவறு' என்று மட்டும் சொன்னால், யூசர்நேம் சரி என்று திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. யாரைக் காப்பாற்றப் பேசுகிறோமோ அவர் மட்டும் அதைக் கேட்பதில்லை.

4

சத்தம் வந்தது மின்சாரத்தோடு. 1853இல் அமெரிக்காவின் பாஸ்டனை ஒட்டிய சோமர்வில்லில் அகஸ்டஸ் ரசல் போப் என்பவர், கதவையும் ஜன்னலையும் மின்சுற்றில் இணைத்து, திறந்தால் மணி அடிக்கிற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1857இல் அந்த உரிமையை எட்வின் ஹோம்ஸ் என்ற வியாபாரி வாங்கினார். அடுத்த சில வருஷங்களில் நியூயார்க்குக்குப் போய் அங்கே தொழிலை வளர்த்தார்.

ஹோம்ஸின் தொழில் போன பாதையைக் கவனியுங்கள். முதலில் வீட்டுக்குள் மணி. பிறகு அந்தக் கம்பிகள் எல்லாம் ஒரு மைய நிலையத்துக்குப் போயின. அங்கே அதைக் கேட்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உட்கார்ந்திருந்தான். மணி விற்கப்போனவர் கடைசியில் விற்றது ஒரு ஜோடிக் காதை.

நம் பைக் அலாரத்தில் மணி மட்டும் இருக்கிறது. காதைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து, அவர்களைக் கேட்காமலே கடன் வாங்குகிறோம்.

என் வண்டி அலாரம் முதல் மாதத்தில் எத்தனை முறை அடித்திருக்கும்? அதற்குள் இருக்கும் அதிர்வு சென்சார் பெரிய மர்மம் இல்லை. சில மாடல்களில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றித் தொடாமல் ஒரு மெல்லிய ஸ்பிரிங். அதிர்ந்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். அதற்குத் திருடனும் தெரியாது, தண்ணி லாரியும் தெரியாது. இடி இடித்தால் அடிக்கும். பந்து பட்டால் அடிக்கும். தீபாவளி அன்று ஆட்டம்பாம் வெடிக்கிறபோதெல்லாம் அடித்தது. முதல் வாரம் மேல்வீட்டு மாமா பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்தார். இரண்டாவது வாரம் "சார், உங்க வண்டி" என்று குரல் மட்டும் வந்தது. அதன்பின் அதுவும் இல்லை. புலி வருது கதையில் பையன் பொய் சொன்னான். நான் அதற்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டியிருந்தேன்.

ஆபீசில் சர்வருக்கு அலர்ட் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. தேவையில்லாத அலர்ட் ஒன்று வந்தால், தேவையான அலர்ட்டின் மதிப்பு குறையும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

5

ரிமோட்டின் கதையும் ஹாப்ஸின் கதைதான். மலிவான ரிமோட்கள் பல, பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒரே எண்ணை அனுப்புகின்றன. ஒருமுறை ஒட்டுக்கேட்டால் போதும். இதற்கு மாற்றாக 1980களில் தென்னாப்பிரிக்காவில் 'கீலாக்' என்ற முறை உருவானது. அதில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். மைக்ரோசிப் நிறுவனம் 1995இல் அதை வாங்கி உலகமெங்கும் கொண்டுபோனது. 2007இலும் 2008இலும் ஆராய்ச்சியாளர்கள் அதையும் உடைத்தார்கள். மாறும் எண்ணையே இடைமறித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும் சிறு கருவியை சாமி கம்கார் 2015இல் செய்துகாட்டினார்.

உண்மையில் வேலை செய்தது சத்தமில்லாத ஒன்று. இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சில்லு சரியான பதில் சொல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது, அவ்வளவுதான். 1998லிருந்து ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. நெதர்லாந்துத் தரவுகளை வைத்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வில், இதனால் கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். இதிலும் ஓட்டை உண்டு. 'மெகாமோஸ்' என்ற சில்லின் பலவீனத்தைக் கண்டுபிடித்தவர்களின் கட்டுரையை ஃபோக்ஸ்வாகன் 2013இல் லண்டன் நீதிமன்றத்தில் தடுத்தது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அது வெளியானது. ஆனாலும் திருடனின் வேலையை இது கூட்டியது. பக்கத்து வீட்டுக்காரனின் தூக்கத்தை நம்பி இருக்கவில்லை.

அந்தக் கடை அண்ணன் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட கடைசி ஒயர் இந்த வம்சத்தைச் சேர்ந்தது. எண்களும் சில்லும் இல்லாத ஏழைத் தம்பி. ஒயரிங் தெரிந்த திருடன் அதையும் தாண்டிவிடலாம். ஆனால் இரவு இரண்டரை மணிக்குத் தேடித் திருத்த வேண்டும். அதைத்தான் நான் மடித்து டேப் சுற்றச் சொன்னேன்.

6

எஃப்.ஐ.ஆர். போட்டோம். வண்டி கிடைக்கவில்லை. தம்பி நாலு மாதம் வாடகைக்கு ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்து ஓட்டினான். காணாமல் போன வண்டிக்கும் டியூ கட்டினான். நான் என் சைரனைக் கழற்றிவிட்டு, கடைசி ஒயரை இணைத்தேன். பார்க்கிங் தூணில் ஒரு இரும்பு வளையம் அடித்து செயின் வாங்கினேன். இரண்டு வண்டிக்கும் போதுமான நீளத்தில்.

பொங்கலுக்கு முன்னால் அவன் இன்னொரு பழைய வண்டி வாங்கினான். செயினைக் கொடுக்கப் போனபோது சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நைட்டு எனக்கு சவுண்ட் கேட்டுச்சுப்பா. எந்திரிக்கல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் செயினையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கும் கேட்டுச்சுண்ணா" என்றான். "உங்க வண்டின்னு நெனச்சுப் படுத்துட்டேன்."