சுழலும் ஒலித்துண்டு

1987இல் வந்த அமிகா 500 வீட்டுக் கணினியின் நினைவகம் 512 கிலோபைட். நொடிக்கு 16,000 பைட் வீதம் ஒலியைப் பதிந்தால் அரை நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும். அதே ஆண்டு ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி உருவாக்கிய அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் என்ற இசை மென்பொருள் இந்தப் பற்றாக்குறையையே கலையாக்கியது என்பேன். புல்லாங்குழலின் தொடக்க மூச்சை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்து வரும் சில அலைகளைச் சுழலவிட்டால் சுரம் வேண்டியமட்டும் நீளும். துண்டின் முடிவுக்கு வந்ததும் தானே தொடக்கத்துக்குத் திரும்புவது அமிகாவின் பாலா ஒலிச் சில்லுக்கு இயல்பு. ஆனால் முடிவும் தொடக்கமும் ஒரே உயரத்தில் சேராவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’கென்று கேட்கும். திரையில் அலையைப் பார்த்து, இரண்டிரண்டு பைட்டாக நகர்த்தி, காதால்தான் அந்த ஒட்டைத் தேட வேண்டும்.

சுழற்சி அமிகாவுக்கு முன்பே இருந்ததே என்று கேட்கலாம். உண்மைதான், பல ஆயிரம் டாலர் விலையுள்ள, 1984இன் எமுலேட்டர் 2 என்ற இசைக்கருவி அதைச் செய்தது. ஆனால் அங்கே உருவான இசைத்தட்டில் வெட்டிய இடம் கேட்பவருக்குத் தெரியாது. அமிகாவின் மாட் என்ற இசைக் கோப்பிலோ சுரக்குறிப்போடு ஒலித்துண்டுகளும் சேர்ந்தே பயணித்தன. அதைத் திறந்த எவரும், இன்னொருவர் எந்தப் பைட்டில் வெட்டினார் என்பதைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடிந்தது.