மருந்துச் சீட்டும் கணிப்பொறியும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முன்னோர் வாக்கு. இக்காலத்து மருந்துகளோ அளவு மிஞ்சாமலே நஞ்சாதல் உண்டு. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்டு வரும் ஒருவர், தலைவலிக்கென்று ஆஸ்பிரினையும் சேர்த்து உண்பாராயின், உடலுக்குள் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் மிகுகிறது. தனித்தனியே நன்மை செய்பவை கூடியவிடத்துத் தீமை விளைக்கின்றன. இத்தகைய சேர்க்கைகள் ஏராளம். அவற்றோடு நோயாளியின் வயது, எடை, சிறுநீரகத்தின் நிலை ஆகிய அனைத்தையும், மருந்துச் சீட்டு எழுதும் அந்தச் சில நிமிஷங்களில் நினைவுக்குக் கொண்டுவருதல் எத்தகைய வைத்தியருக்கும் எளிதன்று. இந்த நினைவுச் சுமையில் ஒரு பங்கைக் கணிப்பொறி ஏற்கத் தொடங்கிய வரலாறு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சுமார் 60 ஆண்டுகளுக்கு முன் ஆரம்பமாயிற்று.

1967-ஆம் ஆண்டில், சால்ட் லேக் நகரத்து எல்.டி.எஸ். மருத்துவமனையில், ஹோமர் வார்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 'ஹெல்ப்' என்னும் அமைப்பை உருவாக்க முற்பட்டனர். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைச் சேமித்து வைப்பதோடு நில்லாமல், அவற்றை மருத்துவ விதிகளோடு ஒப்பிட்டு வைத்தியரை எச்சரிப்பதும் அதன் வேலையாயிற்று. 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் 'மைசின்' என்ற வேறொன்றை அமைத்தார். தொற்று நோய்களுக்குரிய மருந்தைத் தேர்ந்து கூறுவது அதன் பணி. பரீட்சித்துப் பார்த்தபோது, அதன் யோசனைகள் நிபுணர்களின் யோசனைகளுக்குக் குறைந்தவையாக இல்லை. ஆயினும் அது அன்றாடச் சிகிச்சையில் இடம் பெறவேயில்லை. அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக விடையளித்துக்கொண்டிருக்க வைத்தியருக்கு ஏது அவகாசம்?

வைத்தியர் தவறுவது ஏன் என்ற வினாவுக்கு 1976-இல் ஒரு தெளிவு பிறந்தது. இந்தியானாபொலிஸ் நகரில் கிளெமென்ட் மெக்டொனால்ட் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். கவனிக்க வேண்டிய நிலைமைகளைக் கணிப்பொறி முன்கூட்டியே நினைவூட்டியபோது, அவற்றுள் 51 சதவீதத்துக்கு வைத்தியர்கள் தக்கது செய்தனர். நினைவூட்டல் இல்லாதபோது 22 சதவீதத்துக்கே செய்தனர். அவ்வைத்தியர்கள் அறியாதவர்கள் அல்லர். மனித கவனத்துக்கு எல்லையுண்டு என்பதே காரணம் என்று அவர் முடிவு செய்தார். இம்முடிவு மிகவும் முக்கியமானது. அறியாமையானால் கற்பித்துப் போக்கலாம். அசட்டையானால் கண்டித்துத் திருத்தலாம். கவனத்தின் எல்லையை இவ்விரண்டாலும் விரிக்க முடியாது. உரிய நேரத்தில் உடனிருந்து நினைவூட்டும் துணை வேண்டும்.

அத்துணையின் பயன் பின்னர் நன்கு புலனாயிற்று. பாஸ்டன் நகரத்தின் பிரிகாம் மருத்துவமனையில் மருந்துகளைக் கணிப்பொறி வழியே எழுதும் முறை வந்தபின், முன்னதாகத் தடுக்கப்படாமல் போகும் கடுமையான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்தன என்று டேவிட் பேட்ஸ் முதலியோர் 1998-இல் எடுத்துக்காட்டினர்.

எனினும் இத்துணைக்கும் குறைகள் உண்டு. பென்சில்வேனியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி, இத்தகைய அமைப்பே தவறுக்கு இடம் தரும் 22 வகைகளை 2005-இல் எடுத்துரைத்தது. அடுத்த ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள் கண்டது, எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை வைத்தியர்களால் தள்ளப்படுகின்றன என்பது. அற்பமானதற்கும் ஆபத்தானதற்கும் ஒரே குரலில் எச்சரித்தால், 'புலி வருகிறது' என்று ஓயாது கூவிய சிறுவனின் கதைதான். உண்மையான புலி வரும் நாளில் கேட்பார் இரார். எப்போது பேசாதிருப்பது என்பதைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பதே இன்று அறிஞர்களை வருத்தும் பிரச்சினை.

இன்னொன்றும் உண்டு. கணிப்பொறி தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும். பெனிசிலின் ஒருவருக்கு ஒவ்வாது என்பதை மதுரை வைத்தியர் அறிந்திருக்கலாம்; நாகபுரியில் அவரைப் புதிதாகப் பார்க்கும் வைத்தியரிடம் அச்செய்தி வந்து சேராவிடில், அங்குள்ள பொறி மௌனமாகவே இருக்கும். உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்லும் நம்மவர், உண்ணும் மருந்துகளையும் ஒவ்வாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருப்பது நலம். பொறியின் நினைவு அத்தாளிலிருந்தே தொடங்குகிறது.