அலிகாரில் ஒரு பால் கேட்ச் தேடிய கதை

வங்கியில் வேலை பார்ப்பவன் வீட்டில் சாமான்களுக்கு ஆயுள் கம்மி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று உடையும். நாக்பூரிலிருந்து அலிகாருக்கு வந்தபோது உடைந்தது எங்கள் தேக்கு அலமாரியின் கேட்ச்.

அந்த அலமாரி அப்பா கல்யாணத்தின்போது திண்டுக்கல்லில் செய்தது. இரண்டு கதவு. இடது கதவுக்கு உள்ளே மேலும் கீழும் சின்னத் தாழ்ப்பாள். வலது கதவைச் சாத்தினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ள மேலே ஒரு பித்தளை கேட்ச். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த குண்டு, நடுவே கதவோடு வரும் நாக்கு போய் மாட்டிக்கொள்ளும். கடைகளில் பால் கேட்ச் என்பார்கள். லாரியில் வந்த குலுக்கலில் ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் காணாமல் போயின, பிடியில் விரிசல்.

குளிர்காலம் முழுக்க மூடுபனி ஈரத்தில் மரம் ஊறிக் கதவு இறுக்கமாக நின்றது. ஏப்ரல் வெயிலில் மரம் சுருங்கியதும் ஆரம்பித்தது வினை. ராத்திரி தானாகத் திறந்து 'கிறீச்'. தங்கமணி செய்தித்தாளை மடித்துச் செருகினாள். "எத்தனை ஊருக்குத்தாங்க இதத் தூக்கிட்டு அலையறது? பேசாம வித்துருங்க" என்றும் சொன்னாள்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு கேட்ச் கிடைக்காதா என்று கிளம்பினேன். கிடைக்கவில்லை!

முதல் கடையில் கேட்ட முதல் கேள்வியே "குண்டி சாஹியே?" கூட வந்த தங்கமணியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை, இந்தியில் குண்டி என்றால் நம்மூர்க் கொண்டி. டவர் போல்ட் இங்கே சிட்கனி, கீல் கப்ஜா. வடக்கே குடித்தனம் நடத்துபவர்கள் இந்த மூன்று வார்த்தையையும் சிரிக்காமல் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது.

அடுத்து அளவு கேட்டார். ஓட்டைக்கு ஓட்டை 2 அங்குலம் 1 நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம்மூர்த் தச்சர்கள் நூல் என்பார்கள். கடைக்காரர் ஸ்கேலை வைத்துப் பார்த்து "தோ இன்ச், ஏக் சூத்" என்றார். சூத் என்றாலும் நூல்தான்! இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறு பாஷையில், அதே அளவுக்கு அதே பெயர்.

ஆனால் பெட்டிகளில் இருந்ததெல்லாம் மில்லிமீட்டர் அளவு. மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956ல் வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கி, 1960களின் ஆரம்பத்துக்குள் நாடு படிப்படியாக அதற்கு மாறியது. என்னுடையது கிட்டத்தட்ட 54 மில்லிமீட்டர். கடையில் 50 இருக்கிறது, 60 இருக்கிறது. நடுவில் கிடையாது. பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை போட்டால் தேக்கு பிளந்துவிடும்.

டவர் போல்ட்டுக்கு ஐஎஸ் 204, ஆல்ட்ராப்புக்கு ஐஎஸ் 281 என்று இந்தியத் தர எண்கள் உண்டு. 1947ல் தொடங்கிய இந்திய தர நிர்ணய நிறுவனம் செய்த வேலை இது. அதனால் வாசல் கதவுத் தாழ்ப்பாள் போனால் எந்த ஊரிலும் மாற்றிவிடலாம். பட்டறையில் பிறந்த சாமானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்த கடைக்காரர் "காந்தக் கேட்ச் போடுங்க ஸாப்" என்றார். அதற்கும் அடுத்தவர் "கேட்சே வேண்டாம், கீலை மாத்துங்க" என்றார். இரண்டுக்கும் பின்னால் சரித்திரம் இருக்கிறது. (கொசுவத்தியைச் சுத்திக்கொள்ளுங்கள்!)

19ம் நூற்றாண்டில் உலகத்துக்கே பூட்டு அனுப்பியது இங்கிலாந்தின் வில்லன்ஹால், வோல்வர்ஹாம்ப்டன் பகுதி. பித்தளைக் கைப்பிடி, கேட்ச் எல்லாம் பக்கத்து பர்மிங்ஹாமிலிருந்து கப்பலேறின. நம் தாத்தாக்கள் காலத்து அலமாரிச் சாமான்கள் பல அவற்றைப் பார்த்துச் செய்தவையே.

அந்த ஆங்கிலேயப் பூட்டுகளை 1870ல் அலிகாரில் இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது ஜான்சன் அண்ட் கோ என்ற கம்பெனி. 1890ல் அதே கம்பெனி சிறிய அளவில் இங்கேயே செய்யவும் ஆரம்பித்தது. அங்கிருந்து தொழில் வீடு வீடாகப் பரவியது. ஒரு வீட்டில் வார்ப்பு, இன்னொன்றில் அரம் போடுவது, வேறொன்றில் பாலிஷ், முலாம், கடைசியில் ஒருவர் சேர்த்துப் பூட்டுவார்.

பம்பாயில் வேறு கதை. அர்தேஷிர் கோத்ரெஜ் முதலில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்தார். இந்தியத் தயாரிப்பு என்று முத்திரை குத்தக்கூடாது என்று வாங்குபவர் சொன்னதால் அதைக் கைவிட்டு, 1897ல் பூட்டுக்கு வந்தார். 1923ல் அவர்கள் கம்பெனி எஃகு பீரோ செய்யத் தொடங்கியது. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே கம்பி மேலும் கீழும் போய்ப் பிடிக்கும் பீரோவுக்கு பால் கேட்ச் தேவையில்லை. கல்யாணச் சீரில் பீரோ நுழைந்தது, மர அலமாரி பின்னால் போனது.

அடுத்த அடி காந்தம். 1950களின் ஆரம்பத்தில் மலிவான ஃபெரைட் காந்தம் வந்தது, கேட்ச்சுக்குள்ளும் புகுந்தது. அதில் ஒரு குறை. காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் பிடி சட்டென்று குறைந்துவிடும். வெயிலில் சுருங்கி மழையில் ஊறும் மரக்கதவுக்கு அது சரிப்படாது. பால் கேட்ச்சில் திருகாணியைத் திருகி ஸ்பிரிங்கைக் கூட்டிக் குறைக்கலாம்.

1960களில் ஐரோப்பாவில் கிண்ணக் கீல் பரவியது. கதவில் 35 மில்லிமீட்டர் குழி வெட்டி உள்ளே பதிப்பது, ஸ்பிரிங் அதற்குள்ளேயே இருக்கும். தள்ளிவிட்டால் கதவு தானாக மூடிக்கொள்ளும். கேட்ச்சின் வேலையைக் கீலே எடுத்துக்கொண்டது. 1991க்குப் பிறகு மாடுலர் கிச்சனோடு அது நம் வீடுகளுக்கும் வந்தது.

ஆக, பீரோ ஒரு பக்கம், காந்தம் ஒரு பக்கம், கீல் ஒரு பக்கம் என்று தின்றதில் பால் கேட்ச்சுக்கு மிச்சம் இருந்தது கடைகளில் ஒரு தூசி படிந்த டப்பா. பி.காம் படித்தவன் பாஷையில் சொன்னால், தேவை போனது, சரக்கும் போனது.

ஒரு கடைக்காரர்தான் மேல்கோட்டைப் பக்கம் ஒரு சந்தைச் சொல்லி அனுப்பினார். அங்கே ஒரு பெரியவர், வீட்டு முன்னறையே பட்டறை. என்னைப் பார்த்ததும் "ஆயியே, மேனேஜர் ஸாப்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஜனவரியில் கடன் விண்ணப்பத்தோடு என் மேஜைக்கு வந்தவராம். மூன்று வருடக் கணக்கு இல்லை என்று நான்தான் திருப்பியிருக்கிறேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. டீ வரவழைத்தார்.

உடைந்த கேட்ச்சை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அச்சில் வார்த்தது இல்லை. யாரோ தகட்டை வளைத்து அரத்தாலேயே செய்திருக்கிறார்கள். இங்கே பாருங்கள், அரம் போன தடம். நல்ல கை" என்றார்.

சாயந்திரம் ஊருக்கு போன் போட்டேன். அம்மா சிரித்தாள். "அது கடையில வாங்கினதுன்னா நெனச்சே? உங்கப்பா பட்டறையில ஒக்காந்து ராத்திரி ராத்திரியா செஞ்சதுடா. ஒங்கிட்ட சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் அரம் போட்டவர். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று ஒவ்வொன்றும் கையால் செய்து, அதற்கென்று தனிச் சாவி வெட்டிய காலம். பிறகு இயந்திரத்தில் அடித்த மலிவுப் பூட்டுகள் அலிகாரிலிருந்து வந்து இறங்கின. பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. எங்கள் வீட்டில் அலிகார் என்பது கிட்டத்தட்ட வசவு வார்த்தை. "பூட்டு வேலைக்கு மட்டும் வந்துறாதே" என்று சொல்லித்தான் என்னைக் காலேஜில் சேர்த்தார். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019ல். அதைப் பார்க்க அப்பா இல்லை.

பெரியவரிடம் மறுநாள் இதைச் சொன்னேன், கொஞ்சம் தயங்கித்தான். தலையாட்டினார். "எங்களை இப்போது சீனாப் பூட்டு அடிக்கிறது ஸாப். உங்கள் வாலித் ஸாஹிப் எங்களைத் திட்டினார், நாங்கள் அவர்களைத் திட்டுகிறோம்" என்றார்.

நான்கு நாளில் கேட்ச் தயார். விரிசல் விட்ட பிடியைப் பித்தளையால் பற்றவைத்து அரம் போட்டிருந்தார். குண்டுக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ், பூட்டுக்குள் போடுகிற ஸ்பிரிங். ஓட்டை அளவு அதே 2 அங்குலம் 1 நூல். எண்பது ரூபாய் கேட்டார், இருநூறு கொடுத்தேன், எண்பதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார்.

அவர் விண்ணப்பத்தை அன்று திருப்பியது விதிப்படி சரிதான். ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று நான் யோசிக்கவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், அதில் பூட்டுத் தொழிலும் உண்டு. அடமானமில்லாமல் முதல் தவணை 1 லட்சம் ரூபாய் வரை, 5 சதவீத வட்டி. என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழேயே அந்தச் சுற்றறிக்கை இருந்தது! பதிவுக்கு வேண்டிய காகிதங்களை எழுதிக் கொடுத்து, பொதுச் சேவை மையத்துக்கு அவர் பேரனோடு அனுப்பியிருக்கிறேன். சரிபார்ப்பு முடிந்து வரட்டும்.

அலமாரிக் கதவு இப்போது 'டக்'கென்று மூடுகிறது. விற்கிற பேச்சைத் தங்கமணி அப்புறம் எடுக்கவில்லை.

பி.கு.: பழைய அலமாரிக்கு கேட்ச் தேடுபவர்கள் இரண்டு பாதியையும் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். ஓட்டைக்கு ஓட்டை தூரத்தை அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கீல் போட்ட மரக்கதவு என்றால் காந்தத்துக்கு அவசரப்படாதீர்கள். அப்படியும் கிடைக்காவிட்டால், புதுசு தேடுவதை நிறுத்திவிட்டுப் பூட்டு ரிப்பேர் செய்பவரைத் தேடுங்கள். முக்கியமாக, அதை யார் செய்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.