பால்மரக் கரியில் உருகிய இரும்பு

இரும்பு உருக்குதற்கு நிலக்கரி இன்றியமையாதது என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குத் தெற்கே, பிறை ஆற்றுக்கு அப்பால் எழுந்த மலாயவாத்தா எஃகு ஆலை வேறொரு வழியைக் காட்டிற்று.

சப்பானிய நிறுவனமான யவாத்தாவின் கூட்டுறவுடன் 1961-இல் அமைந்த இந்நிறுவனம், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அக்காலத்தில் திரெங்கானு, பகாங் மாநிலங்களில் இரும்புத்தாது வெட்டப்பட்டு வந்தது. ஆயின், ஊதுலைக்கு வேண்டிய கல்கரியைத் தரவல்ல நிலக்கரி நாட்டில் கிடைக்கவில்லை. பத்து ஆராங் சுரங்கத்துக் கரி அதற்கு ஏற்ற வகையன்று; அச்சுரங்கமும் 1960-இல் மூடப்பட்டது. எரிபொருளுக்கு அயல்நாட்டை நம்பியிருக்க வேண்டிய அந்நிலையில், ரப்பர்த் தோட்டங்கள் கைகொடுத்தன.

பால்மரம் நட்டு ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் மறுநடவுக்காக வெட்டப்படும். வெட்டிய கட்டையில் ஒரு பகுதி, ரப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைக்கூடங்களுக்கு விறகாயிற்று; எஞ்சியதில் பெரும்பகுதி தோட்டத்திலேயே எரிக்கப்பட்டது அல்லது மக்கிப்போயிற்று. அக்கட்டையே சூளைகளில் கரியாக்கப்பட்டு உலைக்கு வந்தது. வீணாகிய பொருளுக்கு விலை கிடைத்தது. கல்கரி இறக்குமதிக்கு ஆகும் செலவும் மிஞ்சியது.

மரக்கரி உலையில் இரு பணி புரிகிறது. வெப்பம் தருவது ஒன்று. தாதுவிலுள்ள பிராணவாயுவைப் பிரித்தெடுத்து இரும்பை விடுவிப்பது மற்றொன்று. நிலக்கரியில் காணும் கந்தகம் இதில் மிகக் குறைவு. ஆனால் எளிதில் நொறுங்குவதால், மிகப் பெரிய உலைகளின் பாரத்தைத் தாங்காது. மேலும், ஒரு பங்கு கரிக்கு நான்கைந்து பங்கு விறகு வேண்டும்.

இந்த விறகுப் பசி எத்தகையது என்பதைத் தமிழகத்துப் பரங்கிப்பேட்டை முன்னரே கண்டது. ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-இல் அங்கு நிறுவிய ஆலை, சேலத்துத் தாதுவை மரக்கரி கொண்டு உருக்கியது. காடுகள் குறையக் குறையக் கரியைத் தொலைவிலிருந்து கொணர நேர்ந்தது, செலவு மிகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே அவ்வாலை மறைந்தது.

இரண்டு இடங்களிலும் எரிபொருள் மரக்கரியே. பரங்கிப்பேட்டைக்குக் கரி தந்தவை இயற்கைக் காடுகள். பிறைக்குத் தந்தவை மீண்டும் மீண்டும் நடப்படும் தோட்டங்கள். வெட்டிய இடத்தில் நட்ட கன்று வளருங்கால், எரிந்த மரம் வெளியிட்ட கரியமிலவாயுவை மீண்டும் உட்கொள்கிறது. நிலக்கரிப் புகைக்கு அத்தகைய ஈடு இல்லை. வெட்டி வெறுமையாக விடப்பட்ட காட்டுக்கும் இல்லை.

1980-களில் பால்மரம் அறைகலன் செய்தற்குரிய மரமாக மதிப்புப் பெற்றது. கட்டையின் விலையும் உயர்ந்தது. பிறையில் மரக்கரி கொண்டு இரும்பு உருக்கும் முறையும் காலப்போக்கில் நின்றது. எனினும் மர ஆலைகளில் தூளும் துண்டும் மிஞ்சவே செய்கின்றன. அவை கட்டிகளாக அழுத்தப்பட்டு, கொதிகலன்களில் நிலக்கரிக்கு மாற்றாக இன்று பயன்படுகின்றன. அவற்றை வாங்கும் தொழிற்சாலையார் விலையையும் வெப்பத்தையும் ஆராய்வதோடு, அம்மரம் நின்ற இடத்தில் இப்பொழுது நிற்பது யாது என்றும் கேட்டறிதல் வேண்டும்.