மாறிய இன்ஜின் எண்: பழைய கார்களின் ஆர்.சி. புத்தகத்தை வாசிப்பது குறித்து

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இன்னும் ஓடும் அம்பாசடர்களைக் காட்டி, 'அந்தக் கம்பெனி வண்டி உழைக்கும்' என்று முடிவுகட்டுவது பழகிப்போன வாதம். வண்டி ஓடுவது உண்மை. ஓடுவது எந்தக் கம்பெனியின் வண்டி என்பதில்தான் எனக்கு ஐயம்.

ஐயத்தைக் கிளப்பியது ஒரு பட்டறையில் புரட்டிப் பார்த்த ஆர்.சி. புத்தகம். வண்டி, விசைத்தறி நடத்திய குடும்பத்தின் மார்க் 4. முதல் பக்கத்தில் எரிபொருள் பெட்ரோல். சில பக்கம் தள்ளி, வேறு மையில், டீசல். கீழே புது இன்ஜின் எண், அதன்மேல் பாதி அழிந்த முத்திரை. சேசிஸ் எண் மாறவில்லை. "பாடிதான் அண்ணாச்சி பழசு, உள்ள கெடக்கது மெட்டடோர் வேன் இன்ஜினுல்லா" என்றார் மெக்கானிக். கம்பெனியில் பூட்டி வந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் என்றைக்கோ எடைக்குப் போயிருந்தது. தயாரிப்பாளர் கட்டத்தில் மட்டும் இன்னும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்.

முந்தைய ஆய்வுகள் இத்தகைய திருத்தத்தை டீசல் மலிவாக இருந்ததற்குச் சான்று என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. டீசல் ஏன் என்பதற்கு அது விடை. இந்த வண்டி ஏன் அதை ஏற்றது என்பதற்கு விடை பானட்டுக்கு அடியில் இருக்கிறது: நெடுக்குவாட்டில் அமர்ந்த இன்ஜின், பின்சக்கர ஓட்டம், ஆள் இறங்கி வேலை பார்க்கும் அளவுக்கு இடம். குறுக்குவாட்டு இன்ஜினும் முன்சக்கர ஓட்டமும் கொண்ட மாருதி 800இல் இந்த மாற்று வேலைக்கு இடமே இல்லை. நான் பார்த்த மாருதி புத்தகங்களில் பிறந்தபோது இருந்த எண்தான் கடைசிவரை. இரண்டும் இருபது ஆண்டு ஓடியிருக்கலாம். ஒன்றின் ஆயுளைத் தொழிற்சாலை கொடுத்தது, மற்றதன் ஆயுளில் பெரும்பங்கைப் பட்டறை கொடுத்தது. இரண்டையும் ஒரே கட்டத்தில் 'நம்பகம்' என்று கூட்டுவது சரியில்லை.

ஒரு புத்தகத்தை வைத்து ஊரையே அளக்கக் கூடாதுதான். பதியாமலே இன்ஜின் மாற்றிய வண்டிகள் உண்டே என்பார்கள். உண்டு, அவை என் வாதத்துக்கே வலுச் சேர்ப்பவை. அடிப்படை உருக்கே உறுதியானது என்ற மறுப்புக்கு ஸ்டாண்டர்ட் 2000 போதும். சென்னையில் 1985இல் வந்த அந்தக் காரில் இருந்தது பழைய வான்கார்ட் வழி இன்ஜின்; அதற்கும் உருக்கில் குறையில்லை. 1988இல் உற்பத்தி நின்றது, உதிரிபாகம் அருகியது. இன்று சாலையில் அதைத் தேடிப் பார்க்கட்டும்.

2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. அதைக் கட்டாமல் கொட்டகையில் நிறுத்தப்பட்ட வண்டிகளை எந்தக் கம்பெனியின் கணக்கில் பற்று எழுதுவது?